வாரத்தில் அரை மணி நேர நூலக வகுப்பு: பூட்டிய அலமாரியைத் திறக்கலாமா?

செந்தூல் டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் வேலை செய்கிறேன். இந்த ஆண்டு வள மையம், அதாவது பள்ளி நூலகம், என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. ஏற்கெனவே மூன்றாம் ஆண்டுக்குத் தமிழ், கணிதம், புறப்பாடத்தில் வலைப்பந்து, இப்போது இதுவும். சுமை என்று சொல்ல வரவில்லை, நானே கேட்டு வாங்கியதுதான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்த நாளிலிருந்து மனசு சரியில்லை.

அறை நல்ல அறை. குளிர்சாதனம் ஓடுகிறது, தரையில் பாய் விரித்திருக்கிறது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் சுவரில் படம்கூட வரைந்து கொடுத்திருக்கிறார்கள். ஐந்து கண்ணாடி அலமாரிகள், ஐந்துக்கும் பூட்டு, சாவி அலுவலகத்தில். பிள்ளைகள் வாரம் ஒருமுறை வரிசையாக வந்து, நான் மேசைமேல் எடுத்துப் பரப்பி வைக்கும் நாற்பது புத்தகங்களில் ஒன்றைப் புரட்டிவிட்டு, மணி அடித்ததும் அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்கு இரவல் கிடையாது. முன்பு கொடுத்த காலத்தில் ஒரே ஆண்டில் நாற்பதுக்கு மேல் திரும்பி வரவில்லை, வந்ததில் பலவற்றுக்கு அட்டை இல்லை, தணிக்கைக்கு வந்தவர்களிடம் பதில் சொல்ல முடியவில்லை என்று மூத்த ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பட்ட கஷ்டம் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை.

போன வாரம் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, யானைப் படப் புத்தகம் ஒன்றைப் பாதி பார்த்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. வரிசையில் நிற்கும்போது பார்த்தால் அவள் வயிற்றுப் பக்கம் சதுரமாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. பினஃபோருக்குள் புத்தகம். "பாட்டிக்குக் காட்டிட்டு நாளைக்குக் கொண்டாந்துடறேன் டீச்சர்" என்றாள். நான் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்று முழுக்க எனக்கு அந்தப் பூட்டின் சத்தம்தான்.

தலைமையாசிரியர் நல்லவர். "சரி, திட்டம் எழுதிக் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். கூடவே அந்த அரை மணியிலேயே இணையப் பாதுகாப்பு, தேடுதல் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்கிறார். எங்களிடம் பதினொரு குரோம்புக் மடிக்கணினிகள் இருக்கின்றன, ஏழு வேலை செய்கின்றன. ஆயின்ஸ் எனும் இணைய வாசிப்புப் பதிவைப் பற்றியும் கேட்க வேண்டும். நிலாம் வாசிப்புத் திட்டத்தில் புத்தகம் படித்துவிட்டு நோட்டில் எழுதியதெல்லாம் போய் இப்போது இணையத்தில் பதிகிறார்களே, எங்கள் பிள்ளைகளின் பதிவில் பாதி அம்மா அப்பா செய்ததாகத் தெரிகிறது. ஒரே சுருக்கம் எழுத்துப் பிசகாமல் ஆறு பேர் பெயரில் இருக்கிறது.

புத்தகம் பத்திரமாகப் போய்த் திரும்ப வேண்டும், கணினியும் கற்றுத்தர வேண்டும், கையில் இருப்பது அரை மணி. அப்புறம் கை, கால், வாய்ப் புண் நோய் வந்தால் புத்தகம் வழியாகப் பரவாதா என்று இரண்டு பெற்றோர் இப்போதே கேட்டுவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் பழைய வாத்தியார் பதில்:

டீச்சர், திறந்துவிடுங்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

செபராங் பிறையில் முப்பத்தோரு ஆண்டு வாத்தியார் வேலை, அதில் பதினான்கு ஆண்டு நூல்நிலையம் என் பொறுப்பில் இருந்தது. தொடக்கத்தில் நானும் பூட்டித்தான் வைத்திருந்தேன். ஒருநாள் கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றை வெளியே இழுத்தால் கையோடு வந்தது முதுகு மட்டும்தான். உள்ளே முழுக்க ஈர மண். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் கறையான் ஏறி, வரிசையில் ஒன்பது தொகுதியையும் பின்னாலிருந்து தின்றுவிட்டு, முன்பக்கம் மட்டும் அழகாக விட்டு வைத்திருந்தது. கண்ணாடி வழியாகப் பார்க்கும் எனக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. பிள்ளைகள் தொட்டுத் தொட்டு எடுத்த கதைப் புத்தக அலமாரியில் கறையானும் இல்லை, இராமபாணப் பூச்சியும் இல்லை. நம் ஊர் ஈரத்துக்குப் பூட்டி வைத்த புத்தகம் பத்திரமாக இருக்காது. காற்றுப் படவேண்டும், கை படவேண்டும்.

தணிக்கைக்குப் பயப்படாதீர்கள். பழுதானதைக் கழிக்கப் 'பெலுப்புசான்', தொலைந்ததற்கு 'ஹாப்புஸ் கிரா' என்று முறைப்படி வழி இருக்கிறது. பாரம் நிரப்ப அலுத்துக்கொண்டுதான் பல பேர் பூட்டையே போட்டுவிடுகிறார்கள். எந்தப் புத்தகம், யார் எடுத்தது, எந்தத் தேதி என்று உங்கள் பேரேட்டில் இருந்தால் நீங்கள் நிமிர்ந்து நின்று பதில் சொல்லலாம்.

இனி, எப்படிக் கொடுப்பது என்பது. முதல் மூன்று வாரம் இரவல் வேண்டாம், கைப் பழக்கம் மட்டும் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகள் புத்தகத்தை எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுப்பார்கள், அங்கேதான் முதலில் கிழியும். இரண்டு பக்கமும் இருக்கும் புத்தகங்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு நடுப் புத்தகத்தின் இடுப்பைப் பிடித்து எடுக்க வேண்டும். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு "இடுப்பைப் பிடி" என்று சொன்னால் போதும், ஒரு வாரத்தில் அவர்களே அடுத்தவரைத் திருத்துவார்கள். எடுத்த இடத்தில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி வைக்கவேண்டும். பெயர் எழுதிய பழைய அடிக்கோல் இருந்தால் அதுவே போதும். திருப்பி வைக்கும்போது இடம் தேடி அலைய வேண்டாம். எண் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், முதுகில் ஒட்டியிருக்கும் வண்ணத்தைப் பார்த்து வைக்கட்டும். நான்காம் ஆண்டுக்கு மேல், புத்தகங்களைப் பொருள் வாரியாகப் பிரிக்கும் டூவி எண்ணைக் காட்டுங்கள், தமிழ் இலக்கியம் 894.811 என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதை ஏதோ இரகசியக் குறியீடு போல மனப்பாடமாக வைத்திருப்பார்கள்.

பை மிக முக்கியம். ஐந்து கிலோ அரிசிப் பை, அந்தப் பிளாஸ்டிக் நெய்தது, அதைக் கழுவிக் காயவைத்து வாய்ப்பக்கம் மடித்துத் தைத்தால் அருமையான புத்தகப் பை. தாய்மார்களிடம் கேட்டேன், ஒரே வாரத்தில் எழுபது வந்தது. பள்ளி விடும் நேரத்துக்குத்தானே மழை கொட்டும், பாதிப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். பை இல்லாதவருக்கு அன்று புத்தகம் இல்லை. நான் கண்டிப்பாக இருந்தது இந்த ஒன்றில்தான்.

அப்படியும் ஒரு பையன் நனைத்துக் கொண்டு வந்தான். உண்மையில் அவன் கொண்டு வரவே இல்லை, பயந்துபோய் இரண்டு வாரம் நூலக வகுப்பு நாளில் மட்டும் மட்டம் போட்டான். பிறகு அவன் அக்கா கொண்டு வந்தாள், பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டு கறுப்புப் பூசணம் பிடித்துக் கிடந்தது. நனைந்த அன்றே கொடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். ஒன்றிரண்டு நாளிலேயே பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளை டிஷ்யூ வைத்து, நிறுத்தி, விசிறிக் காற்றில் விரித்து வைத்து, டிஷ்யூ ஈரமானால் மாற்றி மாற்றி வைக்கவேண்டும். வெயிலில் போடக்கூடாது, அட்டை வளைந்துவிடும். உடனே செய்ய நேரம் இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியின் ஐஸ் பகுதியில் வைத்துவிட்டு நாளைக்கு எடுத்துக் காயவைக்கலாம். அதற்குப் பிறகுதான் நான் அபராதத்தை நிறுத்தினேன். ஒரு வெள்ளி அபராதம் என்று எழுதி ஒட்டியிருந்தேன், அந்த ஒரு வெள்ளிக்குத்தான் அந்தப் பையன் இரண்டு வாரம் ஒளிந்தான்.

அபராதத்துக்குப் பதில் வாசலில் ஒரு பெட்டி வையுங்கள், 'புத்தக ஆஸ்பத்திரி' என்று எழுதுங்கள். கிழிந்தது, நனைந்தது, தம்பி கிறுக்கியது எல்லாம் கேள்வி கேட்காமல் அதில் போடலாம். நூலக உதவி மாணவர்கள் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஒட்டுவார்கள். சாதா ஒட்டுநாடாவை மட்டும் வீட்டில் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இரண்டு ஆண்டில் மஞ்சளாகிப் பசை கசிந்து பக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

கொஞ்சம் தொலையும். தொலையட்டும் டீச்சர். புத்தகம் படிக்கத்தானே வாங்கினோம்.

சுகாதாரப் பணியாளர், சுங்கை பூலோ பதில்:

நோய் பற்றி மட்டும் சொல்கிறேன். கை, கால், வாய்ப் புண் எச்சில், கொப்புள நீர், மலம் வழியாகப் பரவுவது. 2022-இல் நாடு முழுக்க திடீரென்று ஏறியபோது நாங்கள் பாலர் பள்ளிகளில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான், சோப்பும் தண்ணீரும். கைத்தூய்மித் திரவத்தை மட்டும் நம்பாதீர்கள், இந்தக் கிருமிக்கு ஆல்கஹால் சரியாக வேலை செய்யாது. நூலகத்துக்குள் நுழையும்முன் கை கழுவுவது, வெளியே போனதும் கழுவுவது, விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பாமல் இருப்பது, இந்த மூன்றையும் பழக்குங்கள். எச்சில் தொடுவது நம் வீடுகளில் பெரியவர்களே செய்வது, பிள்ளை அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது.

ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலும் கொப்புளமும் வந்தால் கொப்புளம் காயும்வரை பள்ளிக்கு வரக்கூடாது, அவர்கள் வீட்டில் இருக்கும் புத்தகமும் அதுவரை அங்கேயே இருக்கட்டும். திரும்பி வந்ததும் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையைத் தண்ணீர் கலந்த வெளுப்புத் திரவத்தில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் சில நாள் தனியாக வையுங்கள். இதற்காக இரவலையே நிறுத்த வேண்டியதில்லை. ஒரே மேசையில் நாற்பது புத்தகத்தை நாற்பது பேர் அரை மணியில் மாற்றி மாற்றித் தொடுவதைவிட, ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவது எவ்வளவோ மேல்.

ஜாலான் ஈப்போ அம்மா பதில்:

ஒரு பெற்றோராக எழுதுகிறேன், இதை யாரும் பேசாததால் கொஞ்சம் கோபத்தோடுதான். என் மகன் படித்த ஒரு பள்ளியில் இரவல் அட்டையில் பிள்ளையின் மைகிட் (பிள்ளைகளுக்கான அடையாள அட்டை) எண்ணைத்தான் உறுப்பினர் எண்ணாக வைத்திருந்தார்கள். புத்தகம் திருப்பித் தராதவர்கள் பட்டியலை ஒருநாள் படம் எடுத்து வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டார்கள். பெயர், முழு எண், என்ன புத்தகம், எத்தனை நாள் தாமதம், எல்லாம். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கோலாலம்பூர் என்றால் 14, பினாங்கு என்றால் 07. என் மகன் எப்போது எங்கே பிறந்தான் என்று முகம் தெரியாத அறுபது பேருக்குப் போய்விட்டது. அந்தக் குழுவில் யாருடைய மாமா, யாருடைய பழைய எண் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு அதைவிட வலித்தது இன்னொன்று. அவன் திருப்பாமல் வைத்திருந்த புத்தகம் தாத்தா இறந்துபோவதைப் பற்றிய கதை. அப்போது எங்கள் வீட்டில் என் அப்பா தவறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் அதை தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. பட்டியலைப் பார்த்துவிட்டு வகுப்பில் இரண்டு பையன்கள் அவனைக் கேலி செய்திருக்கிறார்கள்.

டீச்சர், தயவுசெய்து 001, 002 என்று வெறும் வரிசை எண் கொடுங்கள். யார் என்ன எடுத்தார்கள் என்பது உங்கள் பேரேட்டோடு இருக்கட்டும், தாமதமானால் அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். இணையப் பாதுகாப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்முன் இதைப் பெரியவர்கள் நாம் செய்யவேண்டும். கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவின் கடவுச்சொல்லும் இதே கதைதான். பயிற்சி நோட்டின் முன் அட்டையில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள், மறந்துவிட்டால் அம்மாக்கள் குழுவிலேயே போட்டுக் கேட்கிறார்கள்.

பாயான் லெப்பாஸ்காரன் பதில்:

கணினித் துறையில் இருக்கிறேன், அதனால் வேறு பக்கமாக யோசிக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொலையும், நனையும், கிருமி என்று இவ்வளவு கவலைக்கு மின்னூலே போதுமே? பெங்களூரு பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடக்கின்றன. தேசிய நூலகத்தில் உ-புஸ்தாக்கா எனும் இணைய நூலகம் இருக்கிறது. பினாங்கில் கிரீன் லேனில் 2016-இல் டிஜிட்டல் நூலகமே கட்டிவிட்டார்கள். என் மகள் தட்டைக்கணினியில்தான் படிக்கிறாள்.

பட்டர்வொர்த் பழைய வாத்தியார் பதில்:

தம்பி, உங்கள் மகளுக்குத் தட்டைக்கணினி இருக்கிறது. 2020-இல் பள்ளிகளை மூடியபோது என் வகுப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பா வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழு மணிக்குக் கொண்டு வருவது, அதை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டார்கள். நீங்கள் சொன்ன தளம் நல்ல தளம், நானும் பார்த்திருக்கிறேன். திறந்த உரிமத்தில் இருப்பதால் அதிலிருந்து அச்சடித்து, மடித்து, நடுவில் இரண்டு பின் அடித்து மெல்லிய புத்தகமாக்கி இரவல் கொடுக்கலாம், எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் இருக்கும் கடைசிப் பக்கத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். தொலைந்தாலும் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம். செந்தூல் டீச்சர் இரவலைத் தொடங்க இது நல்ல வழி.

பாயான் லெப்பாஸ்காரன் பதில்:

அது எனக்குத் தோன்றவில்லை ஐயா. அச்சடிக்கும் செலவில் நானும் பங்கு தருகிறேன், டீச்சர் தனிச் செய்தியில் சொல்லட்டும்.

ஜெலுத்தோங் ஆசிரியை பதில்:

இரவல் பற்றி ஐயா சொல்லிவிட்டார், நான் அந்த அரை மணியைப் பற்றி எழுதுகிறேன். நூலக வகுப்பு வேறு, கணினி வகுப்பு வேறு என்று நீங்கள் பிரிப்பதால்தான் நேரம் போதவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு இரண்டும் சேர்ந்தது பதிப்புப் பக்கத்தில்தான்.

புத்தகத்தின் அட்டையைத் திருப்பினால் உள்ளே சின்ன எழுத்தில் ஒரு பக்கம் இருக்குமே, யாரும் படிக்காத பக்கம், அதை நான்காம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துத் துப்பறியச் சொல்வேன். யார் எழுதியது, யார் வெளியிட்டது, எந்த ஊர், எந்த ஆண்டு. அப்புறம் பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் உள்ள பன்னாட்டு அடையாள எண். 978-க்குப் பிறகு 967, 983 அல்லது 629 வந்தால் நம் நாட்டுப் புத்தகம். 81, 93 என்றால் இந்தியா. 955, 624 என்றால் இலங்கை. 981 சிங்கப்பூர். இதைச் சொல்லிவிட்டு அலமாரிக்கு அனுப்பிப் பாருங்கள், ஒருவரும் உட்காரமாட்டார்கள். "டீச்சர் இது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புத்தகம்" என்று ஒரு பையன் கத்தினான், அவன் பாட்டி ஊராம். எங்கள் அலமாரியில் இலங்கைப் புத்தகம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். ஆறாம் ஆண்டுக்கு இன்னும் ஒரு படி போகலாம். பதின்மூன்று இலக்கத்தையும் ஒன்றாலும் மூன்றாலும் மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் விடை பத்தால் மீதியில்லாமல் வகுபடும். ஒரு இலக்கத்தைத் தப்பாகத் தட்டினால் வகுபடாது. எண்ணைத் தட்டும்போது கணினிக்குத் தப்பு எப்படித் தெரிகிறது என்று அவர்கள் கையாலேயே கண்டுபிடிக்கிறார்கள், இதற்குக் குரோம்புக்கூட வேண்டாம், பென்சில் போதும்.

ஆயின்ஸில் பதியும்போது தலைப்பு, எழுத்தாளர், பதிப்பாளர், ஆண்டு என்று கேட்கிறதல்லவா, அதெல்லாம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இதைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை அம்மாவைக் கேட்காது. சுருக்கம் பிரதி எடுப்பதற்கு நான் செய்தது இது: பதிவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் கதையை வாயால் சொல்ல வேண்டும், கேட்டவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அந்தக் கேள்விக்கான பதில் சுருக்கத்தில் இருக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரே சுருக்கம் வர வழியில்லை. நீண்டு எழுத வேண்டாம், இரண்டு வரி போதும் என்று விட்டுவிட்டேன். எண்ணிக்கை குறைந்தது, குறையட்டும்.

இதே கேள்விகளைத்தான் இணையத்துக்கும் கொண்டு போகிறேன். 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் இங்கேயும் கோலாலம்பூரிலும் பள்ளிகளை மூடினார்கள், நினைவிருக்கும். 2023-இல் மறுபடி புகை வந்தபோது எங்கள் பெற்றோர் குழுவில் ஒரு சுற்றறிக்கை பறந்தது, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது, நாளைக்குப் பள்ளி இல்லை என்று பல பேர் முடிவே செய்துவிட்டார்கள். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அப்பாவின் கைப்பேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்து, மேலே வலப்பக்க மூலையில் 2019 என்று இருப்பதைக் காட்டியிருக்கிறாள். "புத்தகத்தில ஆண்டு பார்ப்போம்ல டீச்சர், அதே மாதிரி பார்த்தேன்" என்றாள். அந்தக் கடிதம் பொய்யான கடிதம்கூட இல்லை, பழைய கடிதம். பெரிய பிள்ளைகளுக்குச் செபெனார்ஞா தளத்தையும் காட்டுங்கள், தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கியது, பரவும் செய்தி உண்மையா என்று அதில் பார்க்கலாம்.

தேடுவதற்கும் ஒரு பயிற்சி சொல்கிறேன். "பினாங்கில் முதல் தமிழ் வகுப்பு எப்போது, எங்கே?" என்று கொடுத்து, ஒரு குழுவைத் தமிழில் தட்டச் சொல்லுங்கள், ஒன்று மலாயில், ஒன்று ஆங்கிலத்தில். 1816, பினாங் ஃப்ரீ பள்ளி என்று மூன்று குழுவுக்கும் கிடைக்கும். ஆனால் கிடைத்த பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பலவற்றில் வாக்கியமே ஒன்றாக இருக்கும், ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்திருப்பார். ஒன்பது பேர் சொன்னாலும் மூலம் ஒன்றுதான் என்று பிள்ளைகளே சொல்வார்கள், உங்கள் ஆறு சுருக்கம் போலவே.

தமிழில் தட்டத் தெரியாமல் ஆங்கில எழுத்தில் 'muyal' என்று தேடுகிறார்கள், அதனால்தான் தமிழில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். தமிழில் தட்டும் செல்லினம் செயலி நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்தது என்று சொல்லிவிட்டுத் தொடங்கினால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவேண்டும். அப்புறம் கடவுச்சொல். பல் துலக்கும் தூரிகை மாதிரி, அண்ணன் தம்பிக்குக்கூடக் கொடுக்கக்கூடாது என்று சொல்லுங்கள். ஆனால் ஒரு விஷயம், ஏழு வயதுப் பிள்ளை மறந்துவிடும், அது இயல்பு. மூடிய உறையில் எழுதி உங்கள் மேசை இழுப்பறையில் வையுங்கள், நோட்டு அட்டையில் வேண்டாம். ஜாலான் ஈப்போ அம்மா சொன்னது நியாயமான கோபம்.

செந்தூல் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதவில்லை, செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று ஐந்து வாரம் ஆகிவிட்டது.

திட்டம் எழுதிக் கொடுத்தேன், மூன்றாம் ஆண்டில் மட்டும் முதலில் செய்து பாருங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார். நான் அந்த யானைப் புத்தகத்தை நினைத்து ஒன்றாம் ஆண்டையும் சேர்த்துக் கேட்டேன், சரி என்றார். வரிசை எண் அட்டை, அரிசிப் பை, ஆஸ்பத்திரிப் பெட்டி எல்லாம் வந்துவிட்டன. பாயான் லெப்பாஸ் அண்ணன் அனுப்பிய பணத்தில் ஐம்பது கதை அச்சடித்திருக்கிறோம். மூன்று வாரம் "இடுப்பைப் பிடி" பயிற்சி நடந்தது, இப்போது சிற்றுண்டிச்சாலையில் தட்டு எடுக்கும்போதுகூட ஒருவரை ஒருவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஐஎஸ்பிஎன் பாடத்தை மூன்றாம் ஆண்டிலேயே செய்தேன் டீச்சர், நாடு கண்டுபிடிப்பது வரை. தாராளமாக முடிகிறது. சில பழைய புத்தகத்தில் எண்ணே இல்லை, அது ஏன் என்று கேட்டார்கள், அடுத்த வாரம் அதையே பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

நான்காம் வாரம் முதல் இரவல் கொடுத்தேன். 27 புத்தகம் போனது, இந்த வாரம் 25 திரும்பிவிட்டது. ஒன்று ஆஸ்பத்திரிப் பெட்டியில் கிடந்தது, பின்னட்டையில் குழம்புக் கறை, உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில் 'தம்பி' என்று மட்டும் எழுதியிருந்தது. அதையும் சேர்த்துத்தான் 25. வராத இரண்டில் ஒன்று, பிள்ளை காய்ச்சலில் இருக்கிறது, வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இன்னொன்று யானைப் புத்தகம். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பாட்டி ரவாங்குக்கு அத்தை வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டாராம், அத்தை மகனுக்குப் படித்துக் காட்ட. திங்கட்கிழமை பாட்டி திரும்புகிறார். பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.